திறப்பு ஆரிட்ட இருக்கு?

உடுவிலில் ஒரு சனசமூக நிலைய மண்டபம். புரொஜெக்டர் இரவல். திரைக்கு ஒரு வெள்ளைச் சீலை. லப்டொப் எங்களில் ஒருத்தருடையது. படம் பார்க்கிற சந்தா ஐந்து பேர் சேர்ந்து கட்டினது. களவாக இறக்கின படமில்லை எண்டதில எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆறரைக்குச் சனம் வந்து இருந்திட்டுது. பிளேயை அமத்தினம். சத்தம் வந்தது. கீழே வசன எழுத்துக்கள் ஓடின. படம் மட்டும் வரவில்லை. சீலை முழுக்கக் கறுப்பு.

வயரைக் கழற்றி மாட்டினம். வேறு பிரவுசரில் போட்டுப் பார்த்தம். லப்டொப்பை நிற்பாட்டித் திரும்ப எழுப்பினம். யூரியூப் வீடியோ எதைப் போட்டாலும் ஓடுது, காசு கட்டின படம்தான் ஓடமாட்டன் எண்டுது. முன்வரிசையில் இருந்த அம்மம்மா ஒருத்தர் ஆதரவாகக் கேட்டார்: "என்ன மோனை, கசற் சிக்கிப் போச்சோ?"

சிக்கினது கசற் இல்லை எண்டு அவருக்கு விளங்கப்படுத்த எங்களுக்கு அண்டைக்குத் தெரியேல்ல. சனம் எழும்பிப் போனபிறகு, அரை இரவு வரைக்கும் தேடிப் படிச்சுத்தான் விசயம் பிடிபட்டது. புரொஜெக்டர் பழசு, அதில் நீல நிற வி.ஜி.ஏ. ஓட்டை மட்டும்தான் இருந்தது. லப்டொப்பில் எச்.டி.எம்.ஐ. இடையில் ஒரு சின்ன மாற்றியைக் கொழுவியிருந்தம். பாதுகாக்கப்பட்ட படம் ஒன்று லப்டொப்பை விட்டு வெளியே போகமுதல், வயரின் மற்றப் பக்கம் இருப்பவரைப் பார்த்து "நீ நம்பக்கூடிய ஆளோ?" எண்டு ஒரு கேள்வி கேட்கும். இன்ரெல் நிறுவனம் உருவாக்கின எச்.டி.சி.பி. என்கிற ஏற்பாடு அது. புதிய ரீவிகள் உள்ளே வைத்திருக்கிற இரகசிய இலக்கங்களைக் காட்டிப் பதில் சொல்லும். வி.ஜி.ஏ. அந்தக் கேள்வி பிறக்க முதலே வந்த தொழில்நுட்பம், அதுக்குப் பதில் தெரியாது. பதில் வராவிட்டால் படம் கறுப்பு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அந்த எச்.டி.சி.பி.யின் மூலத் திறப்பு 2010 செப்ரெம்பரிலேயே வெளியில் கசிந்துவிட்டது, இன்ரெலும் அதை ஒத்துக்கொண்டது. களவெடுக்க நினைக்கிறவனுக்கு அந்தப் பூட்டு எப்போதோ திறந்திட்டுது. பழைய புரொஜெக்டரும் சந்தாவும் வைத்திருந்த எங்களுக்குத்தான் அது இன்னும் பூட்டு.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்லவேணும். வீட்டுச் சந்தாவை வைத்து மண்டபத்தில் ஊருக்குப் படம் போட அனுமதி இல்லை. அந்தச் சந்தாவின் நிபந்தனைகளில் அது தெளிவாக இருக்கு, நாங்கள்தான் வாசிக்கவில்லை. ஆனால் அன்று படத்தை மறித்தது அந்த நிபந்தனை இல்லை. அதே படத்தை அதே வயரால் தனி ஆளாக அறைக்குள் இருந்து போட்டாலும் கறுப்புத்தான்.

அந்த அம்மம்மாவின் கேள்வி எங்களை விடவில்லை. கசற் காலத்தில் படம் நின்றால் என்ன பிழை எண்டு எல்லாருக்கும் தெரியும். நாடா இழுபடும், ஹெட்டில் தூசி பிடிக்கும், கரண்ட் போகும். படத்துக்குத் திறப்பு எண்டு ஒன்று தேவைப்பட்டதில்லை. அல்லது தேவைப்பட்டதோ? பழைய கதையைக் கிண்டினால், பூட்டு எப்போதும் இருந்திருக்கு. அது இருந்த இடம்தான் மாறிக்கொண்டு வந்திருக்கு.

முதல் பூட்டு, படப்பெட்டி. எங்கட அம்மம்மா, அப்பப்பா ஆக்கள் யாழ்ப்பாணம் ராணியிலும் வெலிங்டனிலும் மனோகராவிலும் ராஜாவிலும் படம் பார்த்த காலத்தில், படம் எண்டது ஒரு பொருள். சுருள் சுருளாகத் தகரப் பெட்டிக்குள் வரும். பெட்டி வராவிட்டால் படம் இல்லை. அந்தப் பெட்டி எங்கே போகலாம் எண்டதைத்தான் உரிமை எண்டு விற்றார்கள். தமிழ்நாட்டுச் சினிமா வியாபாரம் இன்றைக்கும் நிலத்தைக் கூறுபோட்டுத்தான் நடக்குது: செங்கல்பட்டு, கோவை, மதுரை–இராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், சேலம், திருநெல்வேலி–கன்னியாகுமரி எண்டு ஏரியா ஏரியாவாக. அதுக்கு வெளியே இருக்கிற உலகத்துக்கு எஃப்.எம்.எஸ். எண்டு பெயர், அதாவது வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர். இன்றைக்குப் போனில் "இந்தக் காணொளி உங்கள் நாட்டில் கிடைக்காது" எண்டு வருகிற வசனத்தின் கொள்ளுப்பாட்டன் இந்த ஏரியா முறைதான். ஒரு படத்தை ஒரு நிறுவனம் இந்தியாவுக்கு வாங்கியிருக்கும், வேறொன்று வெளிநாட்டுக்கு வாங்கியிருக்கும், இலங்கைக்கு ஆரும் வாங்கியே இராயினம். எங்கட ஐ.பி. முகவரியைப் பார்த்து வாசலில் மறிக்கிறது, அண்டைக்குப் பெட்டி கப்பல் ஏறாமல் நின்ற அதே கணக்கு.

பெட்டிக்கு இங்கே இன்னொரு காவலும் இருந்தது. 1972இல் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கைக்குள் எடுத்தது. எந்த இந்தியப் படம் வரும், எத்தனை வரும், எப்ப வரும் எண்டது கொழும்பில் தீர்மானமானது. சிங்களச் சினிமாவை வளர்க்க அது உதவியது எண்டது ஒரு வாதம், அதில் நியாயமும் இருக்கு. யாழ்ப்பாணத்து ரசிகருக்கு அது காத்திருப்பு.

காத்திருப்பை உடைத்தது டெக். வி.சி.ஆர். எண்டு உலகம் சொன்னதை எங்கட ஊர் 'டெக்' எண்டுதான் சொன்னது. எண்பதுகளில் டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்க்கிறது கலியாண வீட்டுக்கு அடுத்த கொண்டாட்டம். 1990இல் திரும்பவும் சண்டை தொடங்கக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது, பற்றரி கூடத் தடைசெய்த பொருள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட அதே சனம், ஜெனரேற்றரைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிப் படம் பார்த்தது. எந்தப் படம் ஓடலாம், எந்தக் காட்சியை வெட்டவேணும் எண்டதை அந்தக் காலத்தில் புலிகளின் தணிக்கை தீர்மானித்தது எண்டதையும் சேர்த்துத்தான் சொல்லவேணும். பூட்டில்லாத பொற்காலம் ஒன்று இருந்தது எண்டு கதைவிட எங்களுக்கு விருப்பமில்லை.

ஆனால் கசற்றிடம் ஒரு குணம் இருந்தது. இரண்டு டெக்கை வயரால் கொழுவினால் ஒன்று இரண்டாகும். கொப்பிக்குக் கொப்பி எடுக்க எடுக்க நிறம் மங்கும், கோடு விழும், சத்தம் இரையும், ஆனால் படம் மற்ற வீட்டுக்குப் போய்ச்சேரும். இதுதான் ஹொலிவூட்டுக்குப் பெரிய தலையிடி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில், ஐந்துக்கு நான்கு என்கிற கணக்கில், வீட்டில் ரீவி நிகழ்ச்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமில்லை, அதற்கான கருவியை விற்ற சோனியும் குற்றவாளி இல்லை எண்டு தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தால் முடியாததைச் செய்ய அடுத்த ஆண்டே மக்ரோவிஷன் வந்தது. படத்தின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் இடையில் ரீவிக்குத் தெரியாத ஒரு சின்ன வெற்றிடம் உண்டு. அதுக்குள்ளே கூர்மையான மின்துடிப்புகளைச் செருகிவிடுவார்கள். ரீவி அதைக் கவனிக்காது. பதிகிற டெக்கோ "வெளிச்சம் கூடிப்போச்சு" எண்டு ஏமாந்து படத்தை இருட்டாக்கும், பிறகு வெளுப்பாக்கும். கொப்பி எடுத்த கசற்றில் படம் மூச்சு வாங்குகிற மாதிரி மங்கி மங்கித் தெரியும். பார்க்கிறவனைத் தொடாமல் கொப்பி எடுக்கிறவனை மட்டும் குழப்புகிற பூட்டு அது. பிறகு வந்த எந்தப் பூட்டும் அவ்வளவு மரியாதையாக நடக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது, உடுவிலும் சேர்ந்து. அந்த நடையில் ஆர் கசற் காவுவது? உடுப்பும் உறுதியும் நகையும் குழந்தையும். திரும்பி வந்தபோது கதவில்லாத வீடுகள். எங்கட வீடுகளில் பெரிய ஆக்கள் சொல்கிற ஒரு கதை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கு: கலியாணக் கசற் போனது போனதுதான், ஆனால் அதில ஒரு கொப்பி லண்டனில மாமா வீட்டில இருந்தது, கனடாவில சித்தி வீட்டில இருந்தது. பத்து வருசம் கழித்து ஆரோ ஊருக்கு வரேக்க அது சீடியாகத் திரும்பி வந்தது. நாடு விட்டுப் போன பிள்ளைக்கு ஊரைக் காட்ட அனுப்பின கசற், ஊருக்கே ஊரைத் திரும்பக் காட்டினது.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட நாட்டில் தனிப் பாடமே இருக்கு. 1981இல் யாழ். பொது நூலகம். அதை எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகக் கதைக்காத இன்னொன்று, சினிமாஸ் நிறுவன அதிபர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'சந்தேசய' (1960) படத்தின் தயாரிப்பாளர் அவர். ஹெந்தளையில் இருந்த அந்த ஸ்டூடியோ 1983 யூலையில் எரிக்கப்பட்டது. தமிழ் முதலாளியின் சொத்து எண்டு கொளுத்தினதில் சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் சேர்ந்து எரிந்தன. நெருப்புக்கு மொழி தெரியாது. பிலிம் சுருளுக்கு இரண்டாவது வீடு இருக்கவில்லை.

2002 ஏப்ரல் 8ஆம் திகதி ஏ9 பாதை திறந்தது. அதோடு சீடிகளும் மூட்டை மூட்டையாக வந்தன. வி.சி.டி.க்குப் பூட்டே கிடையாது. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் கொள்ளும் எண்டதால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டில் வரும். மூன்றாவது தட்டில் கீறல் விழுந்தால் வில்லன் கடைசிவரை சாகமாட்டான். தியேட்டருக்குள் கமெரா வைத்து எடுத்த கொப்பியில் முன்சீட்டுத் தலையும் எழும்பிப் போகும். இதெல்லாம் முழுக்கக் களவு. படம் எடுத்தவனுக்கு ஒரு சதமும் போகவில்லை. புலம்பெயர்ந்த ஆக்களுக்கு, உரிமை வாங்கி ஒழுங்காகக் கசற்றும் டி.வி.டி.யும் வெளியிட்ட லண்டன் ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் இருந்தன. எங்களுக்கு அந்த ஒழுங்கான வழி எண்டு ஒன்று கிட்டத்தட்ட இருக்கவே இல்லை. விற்க ஆரும் வராத ஊரில் களவு எண்ட சொல்லுக்குப் பாரம் குறைஞ்சு போகும். அது சரியெண்டு நாங்கள் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்லுறம்.

டி.வி.டி.யோடுதான் இன்றைய கதை தொடங்குது. முதல் தடவையாகப் படத்தையே கணக்கால் குழப்பி எழுதி, அதைத் தெளிவாக்குகிற திறப்பைப் பிளேயருக்குள் வைத்தார்கள். உலகத்தையும் வலயங்களாகப் பிரித்தார்கள். கனடா, அமெரிக்கா 1, ஐரோப்பா 2, இலங்கையும் இந்தியாவும் 5. ரொறன்ரோவில் வாங்கின ஹொலிவூட் தட்டு உடுவில் பிளேயரில் ஓடாது. கணினித் தட்டியக்கியில் வலயத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அப்படியே இறுகிவிடும். தமிழ்ப் படத் தட்டுகள் பெரும்பாலும் எல்லா வலயத்துக்கும் திறந்தே வந்தன, சிதறிப்போன வாடிக்கையாளரை வைத்திருக்கிறவனுக்கு வலயம் நட்டம்தானே. அந்தத் திறப்பு வெறும் 40 பிட். 1999இல் நோர்வேயைச் சேர்ந்த ஜோன் லெக் ஜோஹான்சன் எண்ட பதினைந்து வயதுப் பெடியனும் முகம் காட்டாத இரண்டு பேரும் சேர்ந்து அதை உடைச்சிட்டினம். லினக்ஸ் கணினியில் டி.வி.டி. பார்க்க வழியில்லை எண்டது அவர்கள் சொன்ன காரணம். நோர்வே நீதிமன்றம் 2003இல், மேன்முறையீட்டிலும் சேர்த்து இரண்டு தடவை, அவரை விடுதலை செய்தது: தான் காசு கொடுத்து வாங்கின தட்டைத் தான் பார்க்கிறது குற்றமில்லை எண்டு.

ஆனால் அதுக்குள் சட்டம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அமெரிக்கா 1998இலேயே பூட்டை உடைக்கிறதையே தனிக் குற்றமாக்கியிருந்தது. இந்தியா 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தது, ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம் எண்டு கொஞ்சம் மனிதத்தன்மையோடு.

2016 ஜனவரி 6 அன்று நெற்பிளிக்ஸ் ஒரே நாளில் 130 நாடுகளில் கால் வைத்தது, இலங்கையும் அதில் ஒன்று. அதே வருசம் டிசம்பரில் அமேசன் பிரைம் வீடியோவும் வந்தது. காசு கட்டிப் பார்க்கிற ஒழுங்கான வாசல் முதல் தடவையாக எங்களுக்கும் திறந்தது. (கட்ட ஒரு கடனட்டை வேணும் எண்டது வேறு கதை.) கொரோனாக் காலத்தில் தியேட்டர் மூடக் கிடந்தபோது 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று', 'சார்பட்டா பரம்பரை' எல்லாம் நேரே வீட்டுக்கு வந்தன. சென்னையும் உடுவிலும் ஒரே இரவில் ஒரே படம் பார்த்தது எங்கட தலைமுறைக்குச் சின்ன விசயம் இல்லை.

இந்த வாசலுக்குள் பூட்டு எப்படி வேலை செய்யுது எண்டு தெரிந்தால் பாதிக் கோளாறு விளங்கும். படத்தைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டி, பூட்டி, சேர்வரில் வைத்திருப்பார்கள். துண்டுகள் ஆருக்கும் வரும், அதில் இரகசியமில்லை. நீங்கள் பிளேயை அமத்தின உடனே, பிரவுசருக்குள் அல்லது போனுக்குள் இருக்கிற ஒரு மூடின பெட்டி, "நான் இன்ன கருவி, எனக்கு இந்தப் படத்தின் திறப்புத் தா" எண்டு வேறொரு சேர்வருக்கு விண்ணப்பம் அனுப்பும். அதுதான் லைசன்ஸ் சேர்வர். அது திறப்பைத் தரும்போது நிபந்தனைகளையும் சேர்த்துத் தரும்: இவ்வளவு நேரத்துக்குத்தான், இந்தளவு தெளிவில்தான், எச்.டி.சி.பி. இருக்கிற திரையில்தான். அந்த மூடின பெட்டியை அதிகமாகச் செய்கிறது வைட்வைன். 1999இல் சியாற்றிலில் தொடங்கின நிறுவனம், 2010 டிசம்பரில் கூகிள் வாங்கினது. மைக்ரோசொப்ட்டுக்குப் பிளேறெடி, அப்பிளுக்கு ஃபெயார்ப்ளே.

முதலில் இதுக்கெல்லாம் சில்வர்லைற், ஃபிளாஷ் எண்டு தனிச் செருகிகள் போடவேணும். பிறகு பிரவுசருக்குள்ளேயே ஒரு பொது வாசலைக் கட்டினார்கள். வலைத்தளங்களின் தரத்தை வகுக்கிற டபிள்யூ3சி 2017 செப்ரெம்பரில் அதை அங்கீகரித்தது. திறந்த வலைக்குள் மூடின பெட்டியைக் கொண்டு வரக்கூடாது எண்டு வாதாடின இ.எஃப்.எஃப். அமைப்பு அதே நாளில் டபிள்யூ3சியை விட்டு விலகினது.

இப்ப கோளாறுகளுக்கு வருவம். "காசு கட்டியும் எச்.டி. வரேல்ல, மங்கலா இருக்கு" எண்டு போனை நீட்டுகிற ஆக்கள் எங்களில் கனபேர். வைட்வைனில் எல்1, எல்3 எண்டு படிகள் உண்டு. திறப்பைப் போனின் சிப்புக்குள் இருக்கிற தனி அறையில் வைத்துத் திறந்தால் எல்1, வெறும் மென்பொருளால் திறந்தால் எல்3. எல்3 எண்டால் பல தளங்கள் குறைந்த தெளிவைத்தான் தரும். மலிவான சில போன்களுக்கு எல்1 சான்றிதழே இருக்காது. பூட்லோடரைத் திறந்த அல்லது றூட் பண்ணின போன் இருந்த எல்1ஐயும் இழக்கக்கூடும். கைமாறி வாங்கிற போன் எண்டால் இதைப் பார்த்து வாங்குங்கோ, டி.ஆர்.எம். இன்ஃபோ எண்டு தேடினால் காட்டுகிற செயலிகள் இருக்கு. லினக்ஸ் பாவிக்கிற நண்பர்களுக்கும் இதே எல்3 தலைவிதி. ஃபயர்பொக்ஸில் அமைப்புக்குள் போய் டி.ஆர்.எம். உள்ளடக்கத்தை அனுமதிக்கிற பெட்டியில் சரி போடாவிட்டால் ஒன்றுமே ஓடாது. ஸ்கிறீன்ஷொட் கறுப்பாக வாறது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கினம். பழைய ரீவி, புரொஜெக்டர் கறுப்பு எண்டால் எங்கட மண்டபத்துக் கதை. இடையில் இருக்கிற மாற்றியை எடுத்துவிட்டு நேரே எச்.டி.எம்.ஐ. ஓட்டை உள்ள திரைக்குக் கொழுவினால் பெரும்பாலும் சரிவரும்.

ஆரும் சந்தேகிக்காத ஒன்று மணிக்கூடு. பழைய லப்டொப், டெஸ்க்ரொப்புக்குள் ஒரு சின்ன வட்டப் பற்றரி இருக்கும். அது செத்தால், ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்குப் பிறகும் திகதி பல வருசம் பின்னுக்குப் போய்விடும். இன்னும் பிறக்காத சான்றிதழைக் காட்டுகிற மாதிரி லைசன்ஸ் சேர்வருக்குத் தெரியும், கதவு திறக்காது. திகதியைச் சரியாக்கினால் ஓடும். இதுக்காக ஒரு நண்பர் விண்டோஸைத் திரும்பப் போட்டு இரண்டு நாளைத் துலைச்சார்.

இறக்கி வைத்துப் பார்க்கிறதும் முழு விடுதலை இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாட்கள் ஞாபகம் இருக்கும். கரண்ட் வாற நேரம் படத்தை இறக்கிப் போனில் வைத்துப் பிறகு பார்ப்பம் எண்டு இருந்தம். இறக்கின படத்தின் திறப்புக்கும் ஆயுள் உண்டு. சில தளங்களில் சில படங்களுக்கு, பார்க்கத் தொடங்கினால் 48 மணித்தியாலம்தான். பாதியில் சார்ஜ் போய், அடுத்தநாள் டவரும் இல்லாமல், மூன்றாம் நாள் எழுப்பினால், கோப்பு முழுசாகப் போனில் கிடக்கும், திறப்புக் காலாவதி. புதுப்பிக்க இன்ரநெற் வேணும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேற்றர் கிடைத்தால் போதும், கசற் ஓடும். இப்ப எரிபொருளும் வேணும், தூரத்தில் இருக்கிற ஒருவரின் சம்மதமும் வேணும்.

அந்த ஒருவர் ஒருநாள் கடையை மூடினால்? இது கற்பனை இல்லை. கூகிள் வீடியோவில் காசு கொடுத்து "வாங்கின" படங்கள் 2007 ஓகஸ்ட் 15உடன் ஓடாது எண்டு கூகிள் அறிவித்தது, கண்டனம் வந்தபிறகு காசைத் திருப்பிக் கொடுத்தது. மைக்ரோசொப்ட் 2008இல் தன் எம்.எஸ்.என். மியூசிக் பாட்டுகளுக்குத் திறப்புக் கொடுப்பதை நிறுத்தப் போவதாகச் சொன்னது, எதிர்ப்பால் கொஞ்சம் தள்ளிப்போட்டது. ஹொலிவூட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து "என்றைக்கும் உங்களுடையது" எண்ட மாதிரிக் கொண்டுவந்த அல்ட்ராவயலற் 2019 யூலை 31இல் மூடியது. 2022இல் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பிளேஸ்ரேஷன் கடையில் வாங்கின ஸ்டூடியோகனால் படங்கள் வாங்கினவரின் பட்டியலிலிருந்தே போயின, காரணம் லைசன்ஸ் ஒப்பந்தம் முடிஞ்சுது. 2025 மார்ச் 9 அன்று உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறைக் குறோம்காஸ்ற்றுகள் திடீரெண்டு செயலிழந்தன. உள்ளே இருந்த சான்றிதழ் ஒன்றின் பத்து வருச ஆயுள் முடிந்ததை ஆரும் கவனிக்கவில்லை. சில நாளில் சரியாக்கினார்கள். யோசித்துப் பாருங்கோ, கூகிள் கூடத் தன் திறப்பு காலாவதியானதை மறந்து போகும்.

படம் எடுக்கிறவர்களின் பக்கத்தை நாங்கள் சும்மா தாண்டிப் போகேலாது. எங்களில் இரண்டு பேர் குறும்படம் எடுக்கினம். ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி எடுத்த படத்தை ஆரோ தங்கட சானலில் ஏற்றி விளம்பரக் காசு எடுக்கேக்க எப்படி இருக்கும் எண்டு அவையளிட்ட கேளுங்கோ. சேரன் 2015இல் சி2எச் எண்டு தொடங்கி 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரே வீடுகளுக்கு டி.வி.டி.யாக விற்கப் பார்த்ததும், களவுத் தட்டோடு போட்டிபோட வேறு வழி தெரியாமல்தான். அது நிலைக்கவில்லை. பூட்டு வேண்டாம் எண்டு சொல்லுறது சுகம், சோறு ஆர் போடுறது?

ஆனால் ஒரு வேறுபாட்டை நாங்கள் இப்ப பிடிச்சுக்கொண்டிருக்கிறம். மாதச் சந்தாவில் வருகிற படம் வாடகை டெக் மாதிரி. பார்த்தம், திருப்பிக் கொடுத்தம். அதுக்குப் பூட்டு இருக்கட்டும். எங்கட ஊரைப் பற்றி, எங்கட ஆக்கள் எடுத்த படங்களை மட்டும் அப்படி விடேலாது. ஒரு ஈழத்துப் படத்தின் ஒரேயொரு நல்ல பிரதி ஏதோ ஒரு தளத்தின் பூட்டுக்குள் இருந்து, அந்தத் தளம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், அதுக்குப் பிறகு அந்தப் படம் எங்கே இருக்கு? ஹெந்தளையில் நெருப்பு வேண்டியிருந்தது. இதுக்கு ஒரு கையெழுத்துப் போடாமல் விட்டாலே போதும். 2005இல் தொடங்கின நூலகம் திட்டம் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வருடி எல்லாருக்கும் திறந்து வைத்தது. அவர்களின் ஆவணகத்தில் ஒலியும் காணொளியும் சேருது. பூட்டின கோப்பை அப்படிச் சேர்த்து வைக்கேலாது. ஆகவே படம் எடுக்கிற நண்பர்களிடம் நாங்கள் கேட்கிறது இதுதான்: தளத்துக்கு விற்குங்கோ, நல்ல விலைக்கு விற்குங்கோ, கையெழுத்துப் போடமுதல் ஒப்பந்தத்தில் காலம் எவ்வளவு, பிறகு உரிமை ஆரிட்டத் திரும்பும் எண்டு பாருங்கோ, பூட்டில்லாத மூலக் கோப்பை இரண்டு ஊரில் இரண்டு வன்தட்டில் வையுங்கோ.

மண்டபத்துக் கதையை முடிக்கவேணும். இரண்டு கிழமைக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் படம் எடுக்கிற இளம் இயக்குநர் ஒருத்தரைக் கேட்டம். ஊருக்குள்ள காட்ட ஓமெண்டு எழுதித் தந்து, பென்ரைவில் கோப்பையும் தந்தார். அதே பழைய புரொஜெக்டர், அதே நீல வயர், அதே சீலை. நாற்பது நிமிசப் படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடினது.

முடிஞ்சு கதிரை அடுக்கேக்க அந்த அம்மம்மா ஒரு சொப்பிங் பையோட வந்தார். உள்ளுக்குள்ள ஒரு வி.எச்.எஸ். கசற், மூத்த மகளின் கலியாணம், 1988. "இதையும் உங்கட அந்தப் பெட்டியில போடேலுமோ மோனை?" கசற்றுக்குப் பூட்டு ஒன்றும் இல்லை. ஆனால் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு, அப்படியே போட்டால் டெக்கின் ஹெட்டும் பழுதாகும், நாடாவும் போகும். டெக்கும் இல்லை. கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனமே 2016 யூலையோடு செய்யிறதை நிற்பாட்டிட்டுது. நாடாவைத் துடைச்சுத் தரக்கூடிய ஒரு ஐயாவை இணுவிலில் கண்டுபிடிச்சிருக்கிறம். ஹெட் நல்லா இருக்கிற டெக் ஒன்று உங்கட வீட்டு அலுமாரியில, பரணில, எங்கயாவது கிடந்தா எங்களுக்குச் சொல்லுங்கோ. ஒரு நாளைக்குத் தந்தால் போதும்.